விசையும் எழுத்தும்: தமிழ்க் கணினியிற் குறுக்குவிசைகளின் வரலாறு

மடவளை, கண்டி மாநகருக்கு அண்மையில், வத்தேகமைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊராகும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இவ்வூரைச் சூழச் சிங்களம் வழங்கும் கிராமங்கள் பல உள்ளன. ஆதலின் இங்கு எழுத்துத் தொழில் செய்வோர் ஒரு மொழியோடு அமைதல் இயலாது. திருமண அழைப்பிதழ் தமிழில் அமையும். அரச காரியாலயத்திற்குச் செல்லும் விண்ணப்பம் பெரும்பாலும் சிங்களத்தில் அமையும். வெளிநாட்டுத் தொழில் நாடிச் செல்வோரின் பத்திரங்கள் ஆங்கிலத்தில் அமையும். இம்மூன்றையும் ஒருவரே, ஒரே கணினியில், ஒரே விசைப்பலகையிற் பொறித்துக் கொடுக்க வேண்டியிருக்கின்றது.

அவ்வாறு பொறிப்பவர் எழுத்துகளை மட்டும் தட்டுவதில்லை. மொழியை மாற்றவும், எழுதியதைப் படியெடுக்கவும், பிழையை மீட்கவும், தாளிற் பதிக்கவும் இரண்டு மூன்று விசைகளை ஒருங்கே அழுத்துகின்றார். பட்டியைத் திறந்து, சுட்டியை நகர்த்திச் செய்யவேண்டிய செயலை ஒரு நொடியில் முடித்துவைக்கும் இவ்விசைக்கூட்டே குறுக்குவிசை எனப்படுவது. இன்ன விசைக்கு இன்ன செயல் என்று விதித்தவர் யாவர்? அவ்விதியிற் தமிழுக்கு இடம் இருந்ததா? தமிழ் எழுதுவோர் அவ்விதியைத் தமக்கேற்ப மாற்றியமைத்தல் கூடுமா? இவ்வினாக்களை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

1. பொறி விதித்த விசை

ஆங்கிலத் தட்டெழுத்துப் பொறிக்கு அமெரிக்கரான கிறிஸ்தோபர் ஷோல்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் 1868இல் உரிமம் பெற்றனர். 1874இல் ரெமிங்டன் நிறுவனத்தார் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1878இல் வெளிவந்த அவர்களின் இரண்டாம் பொறியிலேதான் மாற்றுவிசை இடம்பெற்றது. அதனை அழுத்தியவாறு வேறொரு விசையைத் தட்டினாற் சிற்றெழுத்துக்குப் பதிலாகப் பேரெழுத்து விழும். தனக்கென ஓர் எழுத்தும் இன்றி, மற்றொரு விசையின் பொருளை மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட விசை அதுவாகும். பின்னாளிற் தோன்றிய குறுக்குவிசைகள் யாவற்றுக்கும் இதுவே மூலக்கரு எனலாம்.

இப்பொறி தமிழுக்கு வந்தபோது பெரியதோர் இடர் எதிர்ப்பட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை, நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளில் எவ்வாறு அடக்குவது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஈழத்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, தொழில் நிமித்தம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற இரா. முத்தையா, எழுத்துகளை அவற்றின் உறுப்புகளாகப் பிரித்து விசைகளில் அமைத்தார். ஒரே உறுப்புப் பல எழுத்துகளுக்குப் பயன்படுமாறு செய்தார். அவர் வகுத்த பொறி ஜேர்மனியிற் செய்விக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது.

அவ்வமைப்பின் உயிர்நாடி நகராவிசை ஆகும். சாதாரண விசையைத் தட்டினால் எழுத்து விழுந்தவுடன் தாள் ஓரிடம் நகரும். நகராவிசையைத் தட்டினாற் குறி மட்டும் விழும், தாள் நகராது. புள்ளியை இட்டபின் ககரத்தைத் தட்டினால் இரண்டும் ஒரேயிடத்தில் விழுந்து ‘க்’ என அமையும். தமிழ் தட்டுவோர் ஒரு விசை ஓர் எழுத்து என்னும் எண்ணத்தை விடுத்து, விசைகளின் கூட்டே எழுத்து என்னும் எண்ணத்திற்குப் பழகியது இவ்வாறேயாம்.

இலங்கையில் இத்தொழிலின் நிலையை மொழிச் சட்டங்களும் உருவாக்கின. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தையே அரசகரும மொழியாக்கியது. 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் தமிழுக்குச் சில இடங்களை வழங்கியது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. சட்டத்தில் ஒரு மொழிக்கு இடம் கிடைத்தல் ஒன்று; காரியாலய மேசையில் அம்மொழியைப் பொறிக்கத்தக்க கருவியும் அதனைக் கையாளவல்ல விரல்களும் இருத்தல் மற்றொன்று. கணினி பரவத் தொடங்கிய காலத்தில் இவ்விரண்டாவது வினா மிகக் கூர்மையாக எழுந்தது.

2. எண் விதித்த விசை

கணினியின் கட்டுப்பாட்டு விசை, தட்டெழுத்துப் பொறியின் மாற்றுவிசைக்குத் தம்பியாகும். அதன் பிறப்பிலேயே ஆங்கில எழுத்தின் முத்திரை பதிந்துவிட்டது. அமெரிக்காவில் 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் குறிமுறை ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வழங்கியது. அதிற் பெரிய ‘ஏ’ 65, ‘சி’ 67. கட்டுப்பாட்டு விசையோடு ஓர் எழுத்தை அழுத்தினால் அவ்வெண்ணிலிருந்து 64 கழிந்து, எஞ்சிய எண் கட்டளையாகச் செல்லும். ஆகவே கட்டுப்பாட்டு விசையோடு அழுத்திய ‘சி’ மூன்றாம் எண் கட்டளையாயிற்று. கட்டளை என்பதே ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையெண்ணாக அமைந்தது. இவ்வமைப்பிற் தமிழ் எழுத்து எதற்கும் எண் இல்லை. எண் இல்லாதபோது கட்டளையும் இல்லை.

இவ்வடித்தளத்தின் மீதே ஏனையவை எழுந்தன. 1968 டிசம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் நிகழ்த்திய செயல்விளக்கத்தில், ஒரு கையிற் சுட்டியும் மறு கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையும் இருந்தன. அவ்வைந்தையும் வெவ்வேறு கூட்டாக அழுத்தி அவர் கட்டளைகளைச் செலுத்தினார். 1976இல் மசாசுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் உருவான ஈமாக்ஸ் என்னும் எழுதி, எந்த விசைக்கும் எந்தச் செயலையும் பயனரே பொருத்திக்கொள்ளலாம் என்னும் கொள்கையை நிலைநாட்டியது. 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார், சுட்டியோ அம்புக்குறி விசைகளோ இல்லாத கணினிகளில் எழுதுவோர்க்காகக் கட்டுப்பாட்டு விசையோடு ஈ, எஸ், டி, எக்ஸ் என்னும் நான்கு விசைகளையும் நாற்றிசைக்கு உரியனவாக்கியது. அங்கே எழுத்தின் பொருள் கருதப்படவில்லை; விசையின் இடமே கருதப்பட்டது.

இன்று உலகெங்கும் வழங்கும் குறுக்குவிசைகள் சாளரமும் சுட்டியும் கொண்ட வரைகலை இடைமுகத்தோடு வந்தவை. வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் கருத்துகளைச் செரொக்ஸ் ஆய்வகத்திற் பணியாற்றிய லரி டெஸ்லர் முதலியோர் 1970களில் வளர்த்தனர். அப்பிள் நிறுவனம் 1983இல் லீசாவிலும் 1984இல் மக்கின்டோஷிலும் மீட்டல், வெட்டல், படியெடுத்தல், ஒட்டல் என்னும் நான்குக்கும் இசட், எக்ஸ், சி, வி என்பவற்றை முறையே வகுத்தது. இவற்றிற் படியெடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாக ‘சி’ அமைந்தது. ‘எக்ஸ்’ கத்தரிக்கோலையும், ‘வி’ இடைச்செருகற் குறியையும் வடிவால் நினைவூட்டின. நான்கும் கீழ்வரிசையில் அருகருகே இருத்தலின் வலக்கை சுட்டியைப் பற்றியிருக்க இடக்கையே இவற்றை இயக்கலாயிற்று. ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் வேறொரு விசைக்கூட்டத்தைப் பொதுநெறியாக வகுத்தபோதிலும், மைக்ரோசொப்ட் தன் விண்டோஸ் 3.1இல் (1992) கட்டுப்பாட்டு விசையோடு அந்நான்கு எழுத்துகளையும் ஏற்றதன் பின்னர் அவையே நிலைபெற்றன.

ஆகவே குறுக்குவிசையின் பொருத்தம் இரு நெறிகளில் எழுகின்றது. ஒன்று எழுத்தைப் பற்றியது. மற்றையது இடத்தைப் பற்றியது. பிரெஞ்சு விசைப்பலகையில் ‘இசட்’ என்னும் எழுத்து, ஆங்கிலப் பலகையில் ‘டபிள்யூ’ இருக்கும் இடத்தில் உள்ளது. ஆதலின் பிரெஞ்சுக்காரர் மீட்டலுக்கு மேல்வரிசைக்கு விரலை நீட்டவேண்டும். எழுத்துத் தங்கியது, இடத்தின் வசதி போயிற்று. பிரெஞ்சுக்கு எழுத்தேனும் உண்டு. தமிழுக்கு அவ்வெழுத்தே இல்லை.

3. மாறுவேடமும் தன்வடிவும்

கணினியிற் தமிழ் முதலிற் பரவலாக நுழைந்தது மாறுவேடத்தில் எனலாம். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்கள் பல தோன்றின. அவற்றுள் ஈழத்தவரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் மிகப் பரவியது பாமினி. அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து விசைகளைத் தட்டினாற் ‘தமிழ்’ எனக் கண்ணுக்குத் தெரியும். கணினி அறிந்ததோ பொருளற்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே.

இதனால் விளைந்த இடர்களுள் ஒன்று நகைப்புக்கும் வருத்தத்திற்கும் ஒருங்கே உரியது. எழுதும் நிரல்களில் வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வசதி உண்டு. பாமினியிற் சிறிய ‘எஃப்’ ககரம். பெரிய ‘எஃப்’ குகரம். ஆகவே வாக்கியத் தொடக்கத்தில் ‘கடை’ என எழுதினால் அது ‘குடை’யாகும். ஆங்கிலத்திற்கு உதவியாக அமைந்த வசதி தமிழுக்குப் பிழையாயிற்று. அதனை நிறுத்தும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தலே பலர்க்குக் கணினியின் அமைப்புகளைத் தம் கையால் மாற்றிய முதல் அனுபவமாயிற்று. இதனினும் பெரிய இழப்பு, அவ்வெழுத்துருவில் எழுதப்பட்ட கட்டுரைகளும் மலர்களும் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குவியலாகத் தோன்றியமையும், தேடலுக்கு அகப்படாமற் போனமையும் ஆகும்.

ஆயினும் ஒன்று கவனித்தற்குரியது. மாறுவேடத்தில் இருந்தவரை குறுக்குவிசைகளுக்கு எவ்வித இடையூறும் நேரவில்லை. கணினியைப் பொறுத்தவரை பயனர் ஆங்கிலமே தட்டிக்கொண்டிருந்தார். ஆதலின் ‘சி’ என்றும் ‘சி’யாகவே இருந்தது. தமிழ் தன்வடிவில் வந்தபோதுதான் சிக்கல் தோன்றியது.

அவ்வருகைக்குப் படிகள் பல. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிற் தமிழ் எழுத்துகள் தமக்கென எண்களைப் பெற்றன. 1997இற் சிங்கப்பூரிலும் 1999 பெப்ரவரியிற் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள் விசைப்பலகைச் சீர்மையை ஆராய்ந்தன. அதன் பயனாக உருவான தமிழ்99 அமைப்பைத் தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்றது. அதில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தன. ககரத்தை இருமுறை தட்டினால் முதலெழுத்துத் தானாகவே புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். நகரத்தின்பின் தகரம் வந்தால் ‘ந்த’ ஆகும். மொழியின் இலக்கணமே விரலுக்கு உதவிய அமைப்பு அது. இலங்கையோ தட்டெழுத்துப் பொறியின் மரபைத் தழுவிய ரெங்கநாதன் அமைப்பைத் தேர்ந்து, இலங்கைத் தர நிர்ணயம் 1326 : 2008 என்னும் நியமத்தில் இடம்பெறச் செய்தது. பழைய பொறியிற் பழகிய விரல்களை வீணாக்காமை இதன் பயன் எனலாம்.

இவ்வமைப்புகளில் எழுதும்போது விசை அனுப்புவது தமிழ் எழுத்தையேயாம். அப்போது படியெடுக்கும் கட்டளை எங்ஙனம் செல்லும்? விண்டோஸ் முறைமையில் ஒவ்வொரு விசைக்கும் எழுத்தன்றி வேறாக ஓர் எண்ணும் உண்டு. தமிழ் அமைப்பு இயங்கும்போதும் அவ்வெண் ஆங்கில விசையின் எண்ணாகவே நிற்பதால் குறுக்குவிசை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிவரும் எக்ஸ் சாளர முறைமையிலோ, தமிழ் அமைப்பு மட்டும் இருப்பின் நிரலுக்குச் சென்றடைவது தமிழ் எழுத்தேயாகும். ‘சி’யை எதிர்பார்த்திருக்கும் நிரல் தமிழ் எழுத்தொன்றைக் கண்டு வாளா இருந்துவிடும். இதற்குப் பரிகாரமாக, தமிழோடு ஆங்கில அமைப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டால், அவ்விசை ஆங்கிலத்தில் எதுவாகும் எனத் தேடிப்பார்க்கும் வழியை நிரலாக்கக் கருவிகள் கைக்கொண்டன. தமிழிற் கட்டளையிட ஆங்கிலம் பின்னணியில் நின்று சான்று பகரவேண்டியிருந்தது என்பதே இதன் சாரம்.

4. பட்டியில் எஞ்சிய எழுத்து

இந்நிலையைக் கண்கூடாகக் காட்டுவன தமிழாக்கப்பட்ட நிரல்களின் பட்டிகளாகும். ஆங்கிலப் பட்டியில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்து அடிக்கோடிட்டிருக்கும்; அவ்வெழுத்தை ஆல்ட் விசையோடு அழுத்தினால் அப்பட்டி திறக்கும். தன்னார்வத் தமிழர் க்னோம் முதலிய திறமூல நிரல்களைத் தமிழாக்கியபோது, அடிக்கோடு எந்த எழுத்தின் கீழ் வரவேண்டும் என்னும் வினா எழுந்தது. ‘கோப்பு’ என்பதன் முதலெழுத்துக் கணினிக்குக் ககரமும் ஓகாரக் குறியும் ஆகிய இரண்டு. ‘கருவிகள்’ என்பதும் ககரத்திலேயே தொடங்கும். பயனர் அப்பொழுது ஆங்கில அமைப்பில் இருந்தால் ககரத்தைத் தட்டவும் இயலாது. ஆகவே மொழிபெயர்த்தோர் கோப்பு என்னுஞ் சொல்லின் அருகே ஆங்கில ‘எஃப்’ எழுத்தையே நிறுத்தினர். சப்பானியரும் தம் பட்டிகளில் இவ்வாறே செய்துள்ளனர்.

இது தோல்வியன்று, நடைமுறைக்கு உகந்த சமாதானம். எனினும் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர்க்குக் ‘கோப்பு’ என்னுஞ் சொல்லுக்கும் ‘எஃப்’ என்னும் எழுத்துக்கும் தொடர்பு யாதும் இல்லை. ஆங்கிலம் அறிந்தவர்க்கு நினைவுக்குறியாய் நிற்பது அவர்க்கு மனப்பாடச் சுமையாகின்றது. கணினியிற் தமிழ் காட்சிக்கு வந்துவிட்டது; கட்டளைக்கு இன்னும் முழுமையாக வரவில்லை என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

5. பயனர் வகுக்கும் விசை

இவ்விடத்தேதான் பயனரே குறுக்குவிசை வகுக்கும் வசதி முக்கியத்துவம் பெறுகின்றது. 2010இல் ஓப்பன் ஆபீசிலிருந்து பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆபீஸ் நிரலை எடுத்துக்கொள்வோம். அதன் கருவிகள் பட்டியில் உள்ள தனிப்பயனாக்கும் சாளரத்தில் விசைப்பலகைக்கென ஒரு பக்கம் உண்டு. அங்கே விசைக்கூட்டுகளின் பட்டியல் ஒன்றும், நிரல் செய்யவல்ல செயல்களின் பட்டியல் மற்றொன்றும் காணப்படும். ஒரு விசைக்கூட்டைத் தெரிந்து, ஒரு செயலையும் தெரிந்து, இரண்டையும் இணைத்தாற் போதும். ஏற்கெனவே உரிமையான விசைகள் அவ்வாறே காட்டப்படும். முறைமைக்கென ஒதுக்கப்பட்டவை மாற்றமுடியாதனவாக மங்கித் தோன்றும். இவ்வாறு வகுத்த முழுமையையும் ஒரு கோப்பாகச் சேமித்து வேறொரு கணினியில் ஏற்றவும் இயலும்.

இதனைச் செய்வோர் அறியவேண்டியது, விசையழுத்தம் நிரலைச் சென்றடையுமுன் படிகள் சிலவற்றைக் கடக்கின்றது என்பதாகும். முதலிற் பலகை விசையின் இடத்தை அறிவிக்கும். அடுத்து மொழியமைப்பு அதற்கு எழுத்தை வழங்கும். பின்னர்ச் சாளர முறைமை தனக்குரியது எதுவும் உண்டா எனப் பார்க்கும். எஞ்சியதே நிரலுக்குச் செல்லும். மொழி மாற்றத்திற்கு ஆல்ட்டும் மாற்றுவிசையும் சேர்ந்த கூட்டை வைத்திருப்பவர் அவ்விரண்டோடு மற்றொரு விசையையும் சேர்த்து நிரலுக்கென ஒரு கட்டளை வகுத்தால், முன்னதே முந்திக்கொள்ளும். பின்னது நிரலை அடையாமலே போகலாம். வகுத்த விசை இயங்கவில்லை என வருந்துவோர் பலரின் இடர் இத்தகையதே.

மும்மொழியிற் பொறிப்போர்க்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. ஒரே விசைக்கூட்டால் மொழிகளைச் சுற்றி மாற்றும்போது, ஆங்கிலத்திலிருந்து மூன்றாவது மொழிக்குச் செல்ல இருமுறை அழுத்தவேண்டும். எந்த மொழியில் நிற்கின்றோம் என்பதும் மறந்துபோகும். விண்டோஸ் முறைமையில் ஒவ்வொரு மொழிக்கும் கட்டுப்பாட்டு விசை, மாற்றுவிசை என்பவற்றோடு ஓர் எண் விசையைச் சேர்த்துத் தனித்தனியே விதிக்கும் வசதி உள்ளது. ஆங்கிலத்திற்கு 1, தமிழுக்கு 2, சிங்களத்திற்கு 3 என விதித்துக்கொண்டால், எங்கிருந்தாலும் ஒரே அழுத்தத்தில் வேண்டிய மொழியை அடையலாம். எழுத்துகள் மொழிக்கு மொழி வேறாயினும், இலங்கையில் இன்று மும்மொழியினரும் அன்றாடம் எழுதும் எண்கள் ஒன்றே. எழுத்தைச் சார்ந்த குறுக்குவிசையிற் தமிழ் ஒதுங்கி நிற்க நேர்ந்தது. எண்ணைச் சார்ந்ததில் மூன்றும் சமமாக நிற்கின்றன.

எனினும் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே கணினியைப் பலர் பகிரும் கடையிலோ பாடசாலையிலோ ஒருவர் தம் விருப்பப்படி வகுத்த விசை அடுத்தவர்க்குப் பொறியாகலாம். படியெடுத்தல், ஒட்டல் போன்ற பொதுவழக்குகளைக் குலைத்தல் தகாது. யாருக்கும் உரிமையாகாத விசைகளைத் தேர்தலும், வகுத்தவற்றை ஒரு தாளில் எழுதி மேசையருகே வைத்தலும், கோப்பாகச் சேமித்துப் பகிர்தலும் இணக்கத்திற்கு வழியாகும். ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வோர் அமைப்பு என்று சிதறிய பழைய வரலாறு இதற்குத் தக்க எச்சரிக்கையாகும்.

முடிவுரை

கண்டி முஸ்லிம் மக்களின் எழுத்து வரலாற்றில் இதற்கு ஒப்பானதொரு செய்தி உண்டு. இலங்கை முஸ்லிம்களும் தென்னிந்திய முஸ்லிம்களும் தமிழை அறபு எழுத்திலும் எழுதிவந்தனர். தமிழுக்குரிய ஒலிகள் அறபில் இல்லாதவிடத்து, இருக்கும் எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். அறபுத் தமிழ் எனப்படும் அம்மரபு நிலைத்தமைக்குக் காரணம், ஒருவர் இட்ட புள்ளியை மற்றவரும் அதே ஒலியாகவே வாசித்தமையாகும். கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை (1838–1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியதும், எழுத்தும் அச்சும் ஒரு சமூகத்தின் விழிப்புக்கு இன்றியமையாதன என்னும் தெளிவினாலேயே ஆகும். இன்று மடவளையின் பெயரைத் தாங்கித் தமிழில் இணையச் செய்தித்தளம் ஒன்றும் வழங்கிவருகின்றது.

பிறர் வகுத்த எழுத்தைத் தமக்கேற்பத் திருத்திக்கொண்ட அம்மரபினர்க்குப் பிறர் வகுத்த விசையைத் திருத்திக்கொள்ளுதல் புதிதன்று. விசை என்பது இயற்கை விதித்ததன்று. மனிதர் தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கையே. அதனைப் பொறியின் அளவு ஒருகாலும், எண்ணின் வரிசை ஒருகாலும், நிறுவனத்தின் வழக்கம் ஒருகாலும் விதித்தன. தமிழ் எழுதுவோர் தம் வேலைக்கேற்ப அதனைத் தாமே விதிக்கும் வாய்ப்பு, பலர் திறந்து பார்த்திராத ஒரு சாளரத்தின் உள்ளே இன்று காத்திருக்கின்றது. தனியொருவர் வசதியும் பலரின் இணக்கமும் ஒன்றையொன்று கெடாதவாறு அவ்வாய்ப்பைக் கையாளின், காட்சியில் இடம்பெற்ற தமிழ் கட்டளையிலும் இடம்பெறும் எனத் துணியலாம்.